மூன்றாமாண்டு மாணவரின் லேப்டாப்பில் முற்றுப்பெறாதவை – ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழில் ஆராயப்படாத பொருள் ஒன்றும் மிச்சமில்லை என்பது பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் பகுதிக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். யானை, உப்பு, ஊடல், உலக்கை என எதை எடுத்தாலும் அதன் பின்னால் ஒரு சிறுகோடும் 'ஓர் ஆய்வு' என்ற இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டு, ரெக்சின் அட்டையில் தங்க எழுத்தாக நிற்கும். ஆனால் கணினி அறிவியல் படிக்கிற பிள்ளைகள் யாரும் கேட்காமல், மார்க்கும் இல்லாமல், ராத்திரி ஒன்றரை மணிக்கு உட்கார்ந்து எழுதும் சொந்த ப்ராஜெக்டுகளைப் பற்றி ஓர் எம்.ஃபில். ஏடுகூட அந்த அடுக்கில் கண்ணில் படவில்லை. எம்.ஃபில். படிப்பையே யு.ஜி.சி. 2022-இல் நிறுத்திவிட்டதால் இனி வரப்போவதும் இல்லை. இப்பெருங்குறையை நீக்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஆய்வு எல்லையும் ஆதாரங்களும்

தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கும் எல்லோரையும் ஆராய ஓர் ஆயுள் போதாது. ஆகவே ஆய்வு எல்லை ஒரே ஒரு மாணவரோடு சுருக்கிக்கொள்ளப்பட்டது. அவர் என் அக்கா மகன். மூன்றாமாண்டு, ஐந்தாவது செமஸ்டர், ஹாஸ்டல்வாசி. இனி 'அவன்' என்றே குறிப்பிடுவேன். தூக்கி வளர்த்த பிள்ளையை 'அவர்' என்று எழுத ஆய்வு நெறி அனுமதித்தாலும் கை வரமாட்டேன் என்கிறது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது அவனுடைய லேப்டாப் முதன்மை ஆதாரமாகவும், அவன் வாய்ச்சொல் துணைமை ஆதாரமாகவும் கொள்ளப்பட்டன. இரண்டும் முரண்பட்ட இடங்களில் லேப்டாப்பே நம்பப்பட்டது. ஒரே ஆளை வைத்து ஊருக்கெல்லாம் எப்படிச் சொல்லலாம் என்று கேட்பவர்கள் எந்தக் கல்லூரி ஹாஸ்டலிலும் எந்த அறைக் கதவையும் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கல்லூரி ப்ராஜெக்ட் வேறு, சொந்த ப்ராஜெக்ட் வேறு. முன்னதற்கு மார்க் உண்டு, கைடு உண்டு, மூன்று ரிவ்யூ உண்டு, பைண்டிங் செய்த ரிப்போர்ட் உண்டு. நேரம் போதாதவர்களுக்கு, தலைப்பு முதல் பி.பி.டி. வரை காசுக்குச் செய்து கொடுக்கும் ப்ராஜெக்ட் சென்டரும் உண்டு. பின்னதற்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. மார்க் உள்ளதை விலைக்கு வாங்கத் துணியும் அதே தலைமுறைதான் மார்க் இல்லாததைத் தூக்கம் கெட்டு எழுதுகிறது. என் அக்கா இதை ஆய்வாளரைவிடத் தெளிவாக வடித்துக் கொடுத்தார்.

"இதுக்கு மார்க் உண்டாடா?"

"இல்லம்மா."

"யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல."

"யாரும் கேக்காததை எதுக்குடா ராத்திரி முழுக்க உக்காந்து பண்ற? கேட்டதையே பண்ண மாட்டேங்கிற."

இதுவே ஆய்வுச் சிக்கல். இதற்கு நான் வைக்கும் கருதுகோள்: சொந்த ப்ராஜெக்டைத் தொடங்கி வைப்பது எழுதுபவனின் ஆசை, முடித்து வைப்பது அடுத்தவனின் நச்சரிப்பு. நச்சரிக்க ஆளில்லாத ப்ராஜெக்ட் முடிவதில்லை.

முன்னோடிகள்

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் இயங்குதளப் பயனர்களின் செய்திக்குழுவில் ஒரு தகவல் போட்டார். தான் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், அது பொழுதுபோக்குதான், பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றும் அடக்கமாகச் சொல்லியிருந்தார். அது பிற்பாடு லினக்ஸ் ஆகி உலகத்து சர்வர்களையும் ஆண்ட்ராய்டு போன்களின் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டது எல்லோரும் அறிந்தது. நம் ஆய்வுக்கு வேண்டியது அதற்கு முந்திய பகுதி. வீட்டுக் கணினியிலிருந்து பல்கலைக்கழகக் கணினியோடு பேச ஒரு சின்ன டெர்மினல் நிரல் எழுத உட்கார்ந்தவர் அவர். கோப்பு இறக்க வேண்டும் என்று டிஸ்க் டிரைவர் எழுதினார், அப்புறம் ஃபைல் சிஸ்டம் எழுதினார், கடைசியில் பார்த்தால் இயங்குதளம். படிக்கிற பிள்ளை கேட்டதை விட்டுவிட்டு வேறெங்கோ போவது உலகப் பொதுமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதே தகவலில் அவர் இன்னொன்றும் செய்திருந்தார்: மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, என்னென்ன வசதி வேண்டும் என்று ஊரைக் கேட்டிருந்தார். நச்சரிப்புக்குத் தாமே பத்திரிகை அடித்து அழைப்பு வைத்தவர் அவர். கருதுகோள் இங்கே வலுப்பெறுகிறது.

டொனால்ட் நூத் மாணவர் அல்லர், பேராசிரியர். ஆனாலும் சொந்த ப்ராஜெக்ட் நோய் அவரையும் விடவில்லை. 1977-இல் தம் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகள் அவர் கண்ணுக்கு அவலட்சணமாகத் தெரிந்தன. அச்சுக் கோப்பதற்கு நாமே ஒரு நிரல் எழுதிவிடலாம், ஒரு வருட விடுப்பு போதும் என்று தொடங்கினார். பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. அந்த நிரல்தான் டெக். அதன் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்திலும் பையின் மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நீளும், இப்போது 3.141592653-இல் நிற்கிறது. தம் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்கு அவர் 2.56 டாலர் காசோலை அனுப்பினார்; அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டியவர்கள் அநேகம். நம் மாணவனின் கோப்புகளும் பதிப்பு எண்ணில் சளைத்தவை அல்ல. 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ ஓகே', 'இதுதான் ஃபைனல்' என்று நீண்டுகொண்டே போகின்றன. எந்த எண்ணை நோக்கிப் போகின்றன என்பதுதான் கணிதத்துக்கு எட்டவில்லை.

தோன்றும் காலம்

ஃபோல்டர்கள் உருவான தேதிகளையும் கல்லூரியின் இன்டர்னல் தேர்வு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் கூடப் பிறந்தவை என்பது புலனாயிற்று. செலவுக் கணக்கு ஆப், முதல் இன்டர்னலுக்கு முந்தைய இரவு. பஸ் எப்போது வரும் என்று சொல்லும் ஆப், மாடல் தேர்வில் கணிதத்துக்கு முந்தைய இரவு. ஏன் என்று கேட்டதற்கு, "படிக்க உக்காந்தாதான் மாமா ஐடியாவே வருது" என்றான். லீவில் செய்யலாமே என்றேன். "லீவுல எதுக்கு மாமா?" நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோசம் 1989 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு அலுவலகம் மூடியிருந்த நாட்களில் பொழுது போகாமல்தான் பைத்தான் நிரல்மொழியைத் தொடங்கினார். இவ்விடத்தில் தமிழ் மரபு நெதர்லாந்து மரபிலிருந்து தெளிவாகப் பிரிகிறது.

பெயரும் லாகின் பேஜும்

தோன்றிய ப்ராஜெக்டுக்கு முதலில் பெயர் வைக்கப்படுகிறது. இதற்கு ஓரிரவு முழுதாகப் போகும். டோர்வால்ட்ஸ் தம் குழந்தைக்கு 'ஃப்ரீக்ஸ்' என்று வைக்க ஆசைப்பட்டார். கோப்புகளை ஏற்றி வைத்த நண்பர் ஆரி லெம்கே கேட்காமல் 'லினக்ஸ்' என்று போட்டுவிட்டார், அதுவே நிலைத்தது. அப்படியொரு நண்பர் வாய்க்காததால் என் மருமகன் பெயரோடேயே மல்லுக்கட்டுகிறான். பெயருக்குப் பின் லோகோ. லோகோவுக்குப் பின் லாகின் பேஜ்.

லாகின் பேஜ் இல்லாத ஒரு ப்ராஜெக்டை அந்த லேப்டாப்பில் தேடியும் காண்பது அரிதாயிருந்தது. அவன் ஒருவனே பயன்படுத்தப் போகும் செலவுக் கணக்குக்கும் பாஸ்வேர்டு உண்டு. அதை மறந்துவிட்டால் மாற்றிக்கொள்ள ஓ.டி.பி. உண்டு, உள்ளே நுழைந்தால் 'விரைவில்' என்ற ஒரு வரி உண்டு. நம் ஊர்ப்பக்கம் மாடி கட்டப்போவதாக நினைத்து, மொட்டைமாடித் தூண்களில் கம்பியை வானத்துக்கு நீட்டிவிட்டு, அந்தக் கம்பியில் கொடி கட்டித் துணி காயப்போட்டுக் காலத்தை ஓட்டுவோமே, அந்தக் கம்பிகள்தாம் இந்த லாகின் பேஜுகள்.

செலவுக் கணக்கு ஆப்பின் கமிட் வரலாறு, அதாவது நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது எழுதிய குறிப்பு, முழுமையாகக் கிடைத்துள்ளது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழ்ப்படுத்தித் தருகிறேன்: 'முதல் கமிட்'. 'லாகின் ரெடி'. 'லாகின் சரிசெய்தது'. 'லாகின் உண்மையிலேயே சரிசெய்தது'. 'பட்டன் கலர் மாற்றம்'. 'கலர் மீண்டும் மாற்றம்'. 'பழைய கலரே'. 'டார்க் மோட்'. இதோடு முடிகிறது. வரவு செலவு என்ற பேச்சே இல்லை. அணு உலைத் திட்டத்தை நிமிஷத்தில் நிறைவேற்றும் கமிட்டி, சைக்கிள் ஷெட் கூரைக்கு முக்கால் மணி நேரம் சண்டை போடும் என்று நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இல் எழுதினார். கமிட்டிக்குக் குறைந்தது நாலு பேராவது வேண்டும் என்று அவர் நினைத்திருக்கக் கூடும். ஒருவனே கமிட்டியாகக் கூடி, ஒருவனே எதிர்த்து வாக்களிப்பதை அவர் பார்த்ததில்லை.

'நாளுக்கொரு குறள்' என்று ஓர் ஆப்பும் இருக்கிறது. கணினி படிக்கும் தமிழ்ப் பிள்ளை குறள் ஆப்பைத் தொடாமல் டிகிரி வாங்குவது அபூர்வம். 1330 குறளும் இணையத்தில் தட்டச்சு செய்தே கிடைப்பதால் பாதி வேலை முடிந்த தெம்பு வந்துவிடுகிறது. நாளுக்கு ஒன்றாக 1330 என்றால் மூன்றரை வருஷத்துக்குச் சற்று மேல். முதலாண்டு முதல்நாள் தொடங்கினால் கடைசி செமஸ்டரில் இன்பத்துப்பால் முடியும். நாலு வருடப் படிப்புக்கு அளவெடுத்துத் தைத்த கணக்கு. ஆனால் இவன் ஆப்பில் எண்ணிக்கை சேமிக்கப்படாமல் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இரண்டு வருஷமாக அதில் கடவுள் வாழ்த்தின் முதல் குறள் மட்டுமே வந்துகொண்டிருக்கிறது. யாரும் குறை சொல்லவில்லை. அதாவது, யாரும் திறக்கவில்லை.

பங்க் கால்குலேட்டர்: ஒரு விதிவிலக்கு

இதற்கு நேரெதிராக ஒரே ஒரு ப்ராஜெக்ட் முற்றுப்பெற்ற நிலையில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதற்குப் பெயர் இல்லை, லோகோ இல்லை, டார்க் மோட் இல்லை, லாகின் பேஜும் இல்லை. ஹாஸ்டலில் அதை 'பங்க்' என்றே சொல்கிறார்கள். எத்தனை வகுப்பு நடந்தது, எத்தனைக்குப் போனாய் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால், இன்னும் எத்தனைக்குப் போகாமல் இருக்கலாம், அல்லது எத்தனைக்குப் போயே தீர வேண்டும் என்று சொல்லிவிடும்.

இதன் பின்புலம் தெரியாத மூத்தவர்களுக்காக: தேர்வு எழுத 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையே மாட்டிக்கொண்டவர்கள் மருத்துவச் சான்றிதழ் வைத்து, கண்டோனேஷன் கட்டணம் செலுத்தி மீளப் பார்ப்பார்கள். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியதுதான்.

கணக்கு பார்வைக்குச் சுலபம், உள்ளே கொஞ்சம் குசும்பு உண்டு. 40 வகுப்பு நடந்து 28-க்குப் போயிருக்கிறாய் என்று வைத்துக்கொள்வோம், 70 சதவீதம். நாற்பதில் முப்பதுதானே 75, இரண்டு வகுப்புக்குப் போனால் சரியாகிவிடும் என்று ஹாஸ்டலே நம்பிக்கொண்டிருந்தது. நீ போகிற ஒவ்வொரு வகுப்புக்கும் மொத்த எண்ணிக்கையும் ஒன்று கூடும் என்பதை யாரும் நினைப்பதில்லை. நடந்த வகுப்பை மூன்றால் பெருக்கி, போன வகுப்பை நான்கால் பெருக்கிக் கழிக்க வேண்டும்: 120-இல் 112 போக 8. எட்டு வகுப்பு விடாமல் போனால் 48-க்கு 36, அப்போதுதான் 75. இரண்டு என்று நினைத்தவனுக்கு எட்டு என்று வந்தால் கோபம் வரும். ஆப் தப்பு என்று சண்டைக்கு வந்தவர்களைப் பேப்பரும் பேனாவும் வைத்து மடக்கியதாக அவன் சொன்னான். இத்தனை செமஸ்டரில் கணிதத்தில் அவன் ஒருவனுக்கு நிரூபணம் எழுதிக் காட்டியது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

முதல் பதிப்பில் உண்மையிலேயே ஒரு பிழை இருந்தது. சதவீதத்தை முழு எண்ணாக்கிக் காட்டினான். 63-க்கு 47 போன ஒரு நண்பனுக்கு 74.6 என்பது 75 என்று பச்சையில் தெரிந்தது. அந்த நண்பன் நிம்மதியாக ஊருக்குப் போய்விட்டான். ஆபீசில் அப்படிப் பெருந்தன்மையாக முழு எண்ணாக்கும் வழக்கமில்லை. ஒரே ஒரு வகுப்பு குறை. திரும்பி வந்த நண்பன் நேரே இவன் அறைக்கு வந்தான். அன்றிரவே பிழை நீங்கியது. இரண்டு டீயும் இவன் கணக்கில் போனது. நூத் அனுப்பிய காசோலைக்கு இணையான நிகழ்வாக இதைக் கொள்ளலாம்.

பிறகு வரிசையாக வந்தார்கள். ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்ட நாளையும் சேர்க்க வேண்டும் என்றான் விளையாட்டு கோட்டாக்காரன். லேப் ஒன்றுக்கு மூன்று பீரியட் என்று நினைவூட்டினான் இன்னொருவன். ஒவ்வொரு தடவையும் எண்களை முதலிலிருந்து அடிக்க முடியாது, போனமுறை போட்டதை அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும் என்று பக்கத்து அறைக்காரன் ஒற்றைக் காலில் நின்றான். ரெக்கார்டு நோட்டை முடிக்காதவன் இதை எல்லாம் முடித்தான். லாகின் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "லாகின் கேட்டா எவன் மாமா யூஸ் பண்ணுவான்? அடிக்க வந்துருவானுங்க" என்றான். கருதுகோள் நிறுவப்பட்டது என்றே எழுதிவிடலாம்.

எதிர்ச்சான்று

ஆனால் ஒரு ஃபோல்டர் உறுத்துகிறது. திருப்பி வாசித்தாலும் அதே சொல்லாக வருவதைக் கண்டுபிடிக்கும் நிரல், முதலாண்டு லேபில் எல்லோரும் எழுதுவது. ஆங்கில எழுத்தில் 'மலையாளம்' என்று அடித்து, ஆமாம் என்று வந்தால் ரெக்கார்டில் கையெழுத்து. இவன் தமிழில் 'விகடகவி' என்று அடித்துப் பார்த்திருக்கிறான். இல்லை என்று வந்தது.

நமக்கு அது ஐந்தெழுத்து. யூனிகோடில் ஏழு. 'வி' அங்கே ஒரே எழுத்து அல்ல. முதலில் வ, அதன் பின்னால் தனியாக ஓர் இகரக் குறி. கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி வைத்தால், முதலில் வருவது ஒட்டிக்கொள்ள எழுத்து கிடைக்காமல் புள்ளிவட்டத்தில் தொங்கும் இகரக் குறி. பிறகு வ, க, ட. முன்னால் இருந்த வி-யின் இகரமோ வழியில் அகப்பட்ட க-வின் மேல் ஏறி அதைக் கி ஆக்கிவிடுகிறது. தெனாலிராமன் பட்டத்தை அவனே அடையாளம் காண மாட்டான். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடி வைத்த மொழி இது; ஒற்றைச் சொல்லுக்கே இயந்திரம் இப்படித் திணறியது என் மருமகனுக்குப் பொறுக்கவில்லை. குறிகளையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு கட்டிவைத்து, எழுத்தெழுத்தாகத் திருப்பும்படி மாற்றி எழுதியிருக்கிறான். பத்துப் பன்னிரண்டு வரிதான். அந்த லேப்டாப்பில் நான் பார்த்ததிலேயே சுத்தமான நிரல் அதுதான். தேர்வு எழுதுகிறவன் எழுத்தாக இல்லாமல், விஷயத்தைக் கண்டுகொண்டவன் எழுத்தாக இருந்தது.

அதன்மேல் ஒரு சொல் விளையாட்டு கட்ட நினைத்திருக்கிறான். பாதியில் நிற்கிறது. ஏன்டா விட்டுவிட்டாய் என்றேன். "யாருக்கு மாமா வேணும் இது?" என்றான். கருதுகோளுக்கு இது பொருந்தத்தான் செய்கிறது. பொருந்தியதில் ஆய்வாளருக்கு மகிழ்ச்சி இல்லை.

பாதுகாப்பு

கைவிடப்பட்ட ப்ராஜெக்டுகள் அழிவதில்லை, நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் கிடக்கின்றன. அவற்றை ஓட்டிக் காட்டிய இலவச சர்வர்கள்தாம் முதலில் போயின. ஹெரோக்கு நிறுவனம் 2022 நவம்பர் 28-இல் இலவசத் திட்டத்தை மூடியபோது, அரைமணி நேரம் யாரும் வராவிட்டால் உறங்கிப்போகும் வழக்கமுள்ள எத்தனையோ மாணவர் ஆப்கள் எழாத் துயிலில் ஆழ்ந்தன. நிரல் மட்டும் தங்கியது. எவ்வளவு காலத்துக்கு என்றால், வேடிக்கை இல்லை, ஆயிரம் ஆண்டுகளுக்கு. 2020 பிப்ரவரி 2 அன்று கிட்ஹப் தன்னிடம் துடிப்போடிருந்த பொது ப்ராஜெக்டுகளைப் படியெடுத்தது. 21 டெராபைட் தரவு, 186 படச்சுருள்களில் ஏற்றப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 8-இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், கைவிடப்பட்ட ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் உறைபனிக்குள் வைக்கப்பட்டது. நல்ல நிரலா, முடிந்த நிரலா என்றெல்லாம் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டரை மாதத்தில் ஒரு கமிட் போட்டிருந்தால் இடம் உண்டு. 'பழைய கலரே' என்பதும் கமிட்தான்.

என் மருமகன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்ததால் அந்த வாய்ப்பு தவறிவிட்டது. அந்த ஆண்டுக் கல்லூரி அண்ணன்மார்களின் லாகின் பேஜுகள் துருவக் கரடிகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். நம் ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

பொது வாய்மொழித் தேர்வு

ஆய்வேடு என்றால் வாய்மொழித் தேர்வு இல்லாமல் முடியாது. தீபாவளிக்கு மறுநாள் மாலை, அக்கா வீட்டுக் கூடத்தில், மிக்சரும் டீயும் வைத்து அது நடந்தது. புறத்தேர்வாளராக அக்கா அமர்ந்தார். முடிவுகளைச் சுருக்கிச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இத்தனையில முடிச்சது ஒண்ணாவது இருக்காடா?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏம்மா இல்ல? ஹாஸ்டலே யூஸ் பண்ணுது" என்று போனில் பங்க் கால்குலேட்டரைத் திறந்து அம்மா கையில் கொடுத்துவிட்டான். பக்கத்து அறைக்காரன் கேட்டுச் சேர்த்த வசதி செவ்வனே வேலை செய்தது. கடைசியாகப் போட்ட எண்களை ஆப் அப்படியே ஞாபகம் வைத்திருந்தது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"கம்பைலர் டிசைன். 37, 25. கீழ சிவப்புல 11-ன்னு இருக்கே, என்னடா அது? ரேங்கா?"

அந்தப் பாடத்தில் இன்னும் நடக்கவிருந்ததே எட்டு வகுப்புதான் என்பது முதன்மை ஆதாரத்தை ஆராய்ந்தபோதே எனக்குத் தெரிந்திருந்தது. மருமகன் என்னைப் பார்த்தான். தரவு வழங்குநரும் தேர்வாளரும் பேசிக்கொள்கையில் ஆய்வாளர் குறுக்கிடலாகாது. நான் மிக்சரில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்மா" என்றான்.

"பரவால்லையே" என்றார் அக்கா. "போன தடவைக்கு இது எவ்வளவோ தேவலை. நாளைக்கு உங்கப்பாகிட்டயும் காட்டு."